நாலு ஆம்பியர் என்று சொன்னாய்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. நன்றாக இருப்பவன் போனை எடுப்பான். உன் பழைய மேஸ்திரியிடம் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன். கடிதம் எழுதுவதும் ஒரு வகையில் நல்லதுதான். போனில் பேசினால் நான் அழுவேன், நீ "அக்கா, அக்கா" என்றே என் வாயை அடைத்துவிடுவாய். காகிதத்தில் அந்த வேலை நடக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

மின்சார ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்து நம் மெழுகுவத்தி அறையைப் பார்த்துவிட்டுப் போனார். நான் இத்தனை நாளும் மெழுகு பொங்கி கரண்ட் அடுப்பில் வழிந்து பிடித்த தீ என்றுதான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் கைதவறிவிட்டார், விதி என்று மனசை ஆற்றிக்கொண்டிருந்தேன். அதிகாரி இல்லை என்கிறார். "அடுப்புல ஆரம்பிக்கலம்மா. சுவத்துல இருக்கிற பிளக் பாயிண்ட்டுல ஆரம்பிச்சு, கீழ இருந்த அட்டைப்பெட்டியில பிடிச்சிருக்கு. அப்புறம்தான் மெழுகு" என்றார். அந்த மெழுகுச் சட்டியை வெளியே இழுக்கப் போய்த்தான் உன் மாமா வெந்து செத்தார்.

அந்தப் பாயிண்டை வைத்தது யார்? நீ. அந்த அறைக்கு வயர் இழுத்ததும் நீ. அடக்கம் முடிந்த மறுநாளே, சொல்லாமல்கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனதும் நீ. அன்றைக்கு நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

அறையை நமக்கு வாடகைக்கு விட்ட கட்டடக்காரர் தினமும் வருகிறார். "வயரிங் செஞ்சவன் சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, உனக்கு ஒரு தொல்லையும் இல்ல. அறையைச் சுத்தம் பண்ணி உனக்கே திரும்பத் தரேன்" என்கிறார். அந்த அறை இல்லாவிட்டால் எனக்குத் தொழில் இல்லை, உனக்கே தெரியும். என் வாக்குமூலத்தால் உன் லைசென்ஸ் போகும், அதுவும் தெரியும். ஏப்ரலில் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நீ சொல். உன் வேலையில் கோளாறு இருந்ததா இல்லையா?

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து உன்னுடையதுதான். பேச்சு கட்டடக்காரர் பேச்சு மாதிரி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாயா?

கோபத்தை விடு, கணக்கைப் பார். மாமா வாங்கிய அடுப்பு ஆயிரம் வாட். அடியில் தகட்டிலேயே அச்சடித்திருக்கும். நம் லைனில் வருவது இருநூற்று முப்பது வோல்ட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். அப்படியென்றால் வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஆயிரத்தை இருநூற்று முப்பதால் வகுத்துப் பார். நாலும் சொச்சமும் வரும். அந்த அடுப்பு இழுப்பது நாலு ஆம்பியர், அவ்வளவுதான்.

நான் இழுத்த வயர் பதினாறு ஆம்பியர் தாங்கும். தாங்குகிற பாரத்தில் பாதிகூட ஏற்றாத வண்டி அக்கா அது. அச்சு எப்படி முறியும்? அதற்கு மேல் போனால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்ச் வேறு போட்டிருந்தேன். அதுவும் விழவில்லை என்றால் வயரில் அளவுக்கு மேல் எதுவும் போகவில்லை என்று அர்த்தம்.

என் சந்தேகத்தைச் சொல்லட்டுமா? கட்டடக்காரர் மாடியில் இருப்பவர்களுக்கு அந்த அறையிலிருந்து திருட்டுத்தனமாக ஒரு லைன் கொடுத்திருப்பார். அதை மறைக்கத்தான் உன் வீட்டு வாசலில் தவம் கிடக்கிறார். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. ஏற்கெனவே போட்டுவிட்டாயா? உண்மையைச் சொல்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

கையெழுத்துப் போடவில்லை. என் புத்தியை அடகு வைத்துவிட்டதாக நீயே முடிவு கட்டிக்கொண்டாயா?

நம்பரைப் போட்டால் அக்கா வாயை மூடிக்கொள்வாள் என்று நினைத்திருப்பாய். இத்தனை வருஷம் சந்தையில் உட்கார்ந்து மெழுகுவத்தி விற்றவள் நான். எனக்குப் பெருக்கத் தெரியும். வகுக்கத்தான் வராது. அதனால் பெருக்கியே பார்த்தேன். இருநூற்று முப்பதை நாலால் பெருக்கினால் தொள்ளாயிரத்து இருபது. ஆயிரத்துக்கு இன்னும் எண்பது குறைகிறது. நாலும் சொச்சமும். நீ சொன்னது சரி. தகட்டிலும் ஆயிரம் என்றுதான் இருக்கிறது.

ஆனால் தகட்டில் இருப்பதை நான் ஏன் நம்ப வேண்டும்? சந்தையில் மூட்டைமேல் எழுதியிருக்கிற எடையை யாராவது நம்புவார்களா? தராசில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

அடுப்பு என்னிடம்தான் இருக்கிறது. மேலே கரி, மற்றபடி இரும்பு, அதற்கென்ன ஆகும். அதைத் துணியில் சுற்றி மோட்டார் காயில் கட்டுகிறவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆம்பியரை அளக்கிற மீட்டர், நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வுமே, அது அவரிடம் இருக்கிறது. அவரும் கட்டடக்காரரோடு சேர்ந்து டீ குடிக்கிற ஆள். அதனால் அவரையும் நம்பவில்லை. "முதல்ல உங்க அயர்ன் பாக்ஸை அளந்து காட்டுங்க" என்றேன். அதன் மேலும் ஆயிரம் என்று போட்டிருந்தது.

"எதுக்கும்மா?"

"சும்மா, மீட்டரும் நானும் பழகிக்க."

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். நாலும் சொச்சமும் காட்டியது. சரி, மீட்டர் யோக்கியமானது என்று தெரிந்துகொண்டேன். அப்புறம்தான் அடுப்பை வைக்கச் சொன்னேன்.

எட்டு காட்டியது தம்பி. நாலு இல்லை, எட்டு. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. வோல்ட்டையும் அளக்கச் சொன்னேன். இருநூற்று முப்பதேதான். பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டு மறுபடி வைத்தோம். மறுபடியும் எட்டு.

நாலு ஆம்பியர் என்று சொன்னாய். இப்போது சொல், பொய் சொல்வது மீட்டரா, நீயா?

அக்கா


மார்ச் 2

அக்கா,

எட்டு வரவே முடியாது.

அது அதே அடுப்புதானா? அத்தனை நாள் அது எங்கே கிடந்தது? ஆபீஸ் ஆள் தூக்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தாரா, கட்டடக்காரர் கை பட்டதா? மாற்றி வைத்திருந்தால்? காயில்காரர் உன் கண்முன்னே அளந்தார் என்கிறாய். அயர்ன் பாக்ஸ் வைத்து மீட்டரைச் சோதித்தது, சத்தியமாகச் சொல்கிறேன், என் கூட வேலை செய்கிறவனுக்குக்கூடத் தோன்றியிருக்காது. அதனால் மீட்டரைக் குறை சொல்ல மாட்டேன். அடுப்பைத்தான் சந்தேகப்படுகிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது ஓம். கம்பி எவ்வளவு தடுக்கிறது என்கிற அளவு அது. ஆயிரம் வாட் அடுப்பில் நாலும் சொச்சமும் போனால் தடை ஐம்பத்து மூன்று ஓம். உன் எட்டுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பதுதான் வருகிறது. அதாவது தடுக்கிற சக்தி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருக்கிறது. வாட்டைப் பார்த்தால் இருநூற்று முப்பதை எட்டால் பெருக்கு: ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. பேர்தான் ஆயிரம், சூடு கிட்டத்தட்ட இரண்டு அடுப்பு.

அடுப்புப் பள்ளத்தில் சுருள் சுருளாக ஓடுகிற கம்பிதான் தடை. கம்பி நீளமாக இருந்தால் அதிகம் தடுக்கும், நீளம் குறைந்தால் தடையும் குறையும். பாதி தடை என்றால் பாதிக் கம்பிதான் இருக்கிறது. புது அடுப்பில் அப்படி இருக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக ஆறிய பிறகு, அந்தச் சுருளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார். என்ன இருக்கிறது என்று அப்படியே எழுது. கூட்டாதே, குறைக்காதே.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

பார்த்தேன். நீ என்ன வரும் என்று எதிர்பார்த்துக் கேட்டாயோ அதுதான் இருந்தது.

சுருளில் நாலு இடத்தில் ஒட்டு. அறுந்த முனைகளைக் கொக்கி போட்டு முறுக்கியிருக்கிறது. புதுச் சுருள் நெருக்கமாக இருக்கும் என்று காயில்காரர் காட்டினார். இதில் வளையத்துக்கு வளையம் விரலை விடலாம், அவ்வளவு இழுத்து விட்டிருக்கிறது. வேறு அடுப்பு இல்லை தம்பி. அதே அடுப்புதான். முறுக்கு இடப்பக்கமாகப் போகிறது. திரியை இடக்கையால் முறுக்குகிற ஆள் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான்.

சுருள் அறுந்தால் கருகிய இடத்தை நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்துக் கோர்த்துவிடுவார். நான் பார்த்திருக்கிறேன். "புதுசு வாங்கிப் போட்டா என்ன?" என்றால், "புதுசைவிட இதுதான் சீக்கிரம் உருக்குது, பாரு" என்பார். ஒவ்வொரு தடவை அறுந்த பிறகும் இன்னும் சீக்கிரமாக உருகியது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சீக்கிரம் உருகினால் சீக்கிரம் சந்தைக்குப் போகலாம். இன்றைக்கு அந்த ஒட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கை பட்டது என்று மிச்சம் இருப்பது இப்படி ஒரு பொருள்தானா என்று இருந்தது.

சரி. இப்போது உனக்கு வசதியாகிவிட்டது. செத்தவர் மேல் போட்டுவிடலாம். அவர் எழுந்து வந்து "இல்லை" என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் ஒன்று இடிக்கிறது. வயர் பதினாறு தாங்கும் என்றாய். போனது எட்டு. எட்டு என்பது பதினாறில் பாதி. பாதி ஏற்றின வண்டிக்கு அச்சு முறியாது என்று எழுதியது நீதான். அப்புறம் எதற்குத் தீப்பிடித்தது?

நேற்று அறைக்குப் போனேன். சுவரிலிருந்து வயரை உருவிப் போட்டிருக்கிறார்கள். மாடிக்கு எந்த லைனும் போகவில்லை, நானே பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கட்டடக்காரர் நல்லவர் இல்லைதான், ஆனால் அந்தத் திருட்டை அவர் செய்யவில்லை. உருவிய வயர் நிறம்கூட மாறவில்லை. சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. பாயிண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் மட்டும் கரி.

உன் இரண்டு கடிதத்தையும் எடுத்து வைத்துப் படித்தேன். நான் முதலில் கேட்டது பாயிண்டைப் பற்றி. நீ வயர், வயர் என்றாய், ட்ரிப் சுவிட்ச் என்றாய், மாடி என்றாய், அடுப்பை மாற்றிவிட்டார்கள் என்றாய். பாயிண்ட் என்ற வார்த்தை உன் எழுத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. சின்ன வயசில் கண்ணாடியை உடைத்துவிட்டு வீட்டில் எல்லாரையும் பற்றிப் பேசுவாய், கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசமாட்டாய். எனக்கு உன்னைத் தெரியாதா?

பாயிண்டைப் பற்றி எழுது.

அக்கா


மார்ச் 21

பதில் வரவில்லை. தபால்காரரைக் கேட்டால், "எழுதினாத்தானேம்மா நான் கொண்டுவர முடியும்" என்கிறார். கட்டடக்காரர் என் வாக்குமூலக் காகிதத்தை அவரே எழுதிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பேனாவும் கூடவே வைத்திருக்கிறார்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

பாயிண்ட் சின்னது. ஆறு ஆம்பியர் பாயிண்ட். அடுப்புக்கு நாலுதானே, ஆறு தாராளம் என்று வைத்தேன். வைத்த அன்றைக்கு அது தப்பில்லை. எட்டு போகும் என்று யார் கண்டார்கள். வயர் பதினாறு என்பதால் ட்ரிப் சுவிட்சும் பதினாறு. எட்டுக்கு அது விழாது. அப்படிப் பார்த்தால் அந்தப் பாயிண்டைக் காவல் காக்க யாருமே இல்லை.

நீ சும்மா விடமாட்டாய், அதனால் கணக்கும் எழுதுகிறேன். பாயிண்டுக்குள் பிளக் பின்னைப் பிடித்திருக்கிற பித்தளைப் பிடி, சூட்டில் தளரும். தளர்ந்த இடமும் ஒரு தடைதான். அரை ஓம் என்று வை. நாலு ஆம்பியர் போனால் அங்கே விழுவது இரண்டு வோல்ட். இரண்டை நாலால் பெருக்கு, எட்டு வாட். கை வைத்தால் கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். எட்டு ஆம்பியர் போனால் விழுவது நாலு வோல்ட். நாலை எட்டால் பெருக்கு, முப்பத்திரண்டு வாட். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. நான் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற கோல் இருபத்தைந்து வாட்தான் அக்கா. அதைவிடச் சூடான ஒன்று பகல் முழுக்க அந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்தது.

இதற்குமேல்தான் கை வரவில்லை. தீப்பிடிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்தேனே, நீ சந்தைக்குப் போயிருந்தாய். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். பிளக் பின்கள் பழுப்பேறியிருந்தன. "மாமா, இது என்ன இப்படிக் கொதிக்குது? அடுப்பை நிறுத்துங்க, நான் பெரிய பாயிண்ட் வாங்கிட்டு வரேன்" என்றேன். "ஓட்டல்காரன் ஆர்டர் முடியட்டும்டா, முடிஞ்சதும் நானே நிறுத்திடறேன்" என்றார். உன்னிடம் சொல்கிறேன் என்று மிரட்டினேன். "உங்கக்கா காதுல போட்டுடாத. போட்டா அடுப்பைத் தூக்கி ரோட்டுல வெச்சிடுவா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பாயிண்ட் வாங்கினேன். என் பையிலேயே இருந்தது. சைட்டில் வேலை, நாளைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது அது என் தோள் பையில் இருந்தது. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடு. என் பெயர் இருந்தால் இருக்கட்டும். மாமா பெயர் வர வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு உன்னைத் திட்டினேன், அப்புறம் சுவரில் மாட்டியிருக்கிற அவர் படத்தைப் பார்த்தும் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி சன்னல் வழியாக, "யாருக்கா வந்திருக்காங்க?" என்று கேட்டாள். "யாரும் வரல, அதான் திட்டறேன்" என்றேன்.

நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்காக முடிவு பண்ணினீர்கள். அந்த அறையில் பாதி நாள் உட்கார்ந்திருந்தது நான். அந்தப் பாயிண்டில் பிளக்கைச் சொருகிப் பிடுங்கினது நான். எனக்கு மட்டும் தெரியக் கூடாது. சொல்லியிருந்தால் அடுப்பைத் தூக்கி ரோட்டில் வைத்திருப்பேன், ஆமாம். ஓட்டல்காரன் இருட்டில் உட்காரட்டும் என்றிருப்பேன். அடுப்பு ரோட்டில் இருந்திருக்கும், அவர் வீட்டில் இருந்திருப்பார். கம்பி, வயர், ஓம் எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொள்வேன். சிரித்தோம் என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

நேற்று ஆபீசுக்குப் போனேன். கட்டடக்காரர் என்னைவிட முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் எழுதிய காகிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். "இது நீங்க எழுதினது. நான் பேசறதுக்கு வந்திருக்கேன்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அறை இனி எனக்குக் கிடைக்காது, அது அங்கேயே தெரிந்துவிட்டது.

அதிகாரி கேட்டார், "வயரிங் யாரும்மா?"

"என் தம்பி சார்."

"அடுப்புக் காயிலை ஒட்டினது?"

"என் வீட்டுக்காரர்."

"பாயிண்ட் சூடாகுதுன்னு யாருக்காவது தெரியுமா?"

மாமா பெயர் வர வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். உன் பெயர் வர வேண்டாம் என்று எனக்கும் இருந்தது. இரண்டையும் மறைத்தால் நானும் உங்களோடு சேர்ந்து மூன்றாவது ஆளாகிவிடுவேன். "ரெண்டு பேருக்கும் தெரியும் சார். எனக்குத்தான் தெரியாது" என்றேன். எட்டு, இருபத்தொன்பது, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது, எல்லாம் சொன்னேன். அடுப்பை எடுத்துப் போயிருந்தேன். அதிகாரியும் அளந்து பார்த்துக்கொண்டார். அவர் நல்ல மனுஷர். எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே, "தம்பியோட பேச்சுவார்த்தை இருக்கா?" என்று கேட்டார்.

"பேச்சு இல்ல. கடுதாசி இருக்கு" என்றேன்.

உனக்கு ஆபீசிலிருந்து கடிதம் வரும். விலாசம் கொடுத்தது நான்தான். வேறு யாரையும் சந்தேகப்படாதே. லைசென்சைப் பிடுங்குவார்களா, கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார்களா, கேட்டேன், அவர் சொல்லவில்லை. எதுவானாலும் வந்து நின்று வாங்கிக்கொள். மறுபடி ஓடினாயானால் அதற்கப்புறம் உனக்கு எழுதமாட்டேன்.

விசாரணைக்கு முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடு. அங்கே தனியாகப் போய் உட்காராதே. நானும் கூட வருவேன். வந்து தெருவில் நின்றுகொண்டு அழுது என் மானத்தை வாங்காதே. உள்ளே வந்து அழு.

அக்கா